பட்டன் போனில் ஒரு தொடுகோடு

கொரோனா வந்த பிறகுதான் அரசுப் பள்ளிக்குள் கணினி நுழைந்தது என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். 2011-லேயே மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 2018-இல் புதிய பாடப்புத்தகங்கள் வந்தபோது பாடத்துக்குப் பாடம் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சாகியிருந்தது. அந்தக் க்யூஆர் கோடைப் போனில் காட்டினால் திக்‌ஷா தளத்தில் அந்தப் பாடத்தின் காணொளி ஓடும். 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அந்த ஆண்டிலேயே அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வேலைகளும் நடந்தன. எங்கள் பள்ளியிலும் ஓர் அறைக்கு வெள்ளையடித்து, கம்பிக் கதவு போட்டு, கணினிகளை வரிசையாக வைத்தார்கள்.

நான் கணக்கு டீச்சர். ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிற ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை. பிள்ளைகள் யார் எவர் என்று தெரிந்துவிடும் என்பதால் ஊர்ப்பெயரை விட்டுவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளில் ஒரு பாதி அடிவாரத்து ஊர்க்காரர்கள்; விவசாயக் கூலி, செங்கல் சூளை, கட்டட வேலை என்று பிழைக்கும் குடும்பங்கள். இன்னொரு பாதி மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். சாமை விதைத்து, புளி உலுக்கி, பலாப்பழம் விற்று, அதுவும் போதாமல் வருஷத்தில் சில மாதம் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் அவர்களுடைய பெற்றோர்.

அந்த லேப்பில் எனக்கு மிகவும் உதவியது ஜியோஜீப்ரா என்கிற மென்பொருள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் தன் முதுகலை ஆய்வுக்காக உருவாக்கியது. வகுப்பறைக்குக் காசில்லாமல் கிடைக்கிறது. ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். நம்முடைய கணக்குப் புத்தகத்திலேயே ‘இணையச் செயல்பாடு’ என்ற பகுதியில் அது வருகிறது. பத்தாம் வகுப்பில் இருபடிச் சார்பின் வரைபடம் 8 மதிப்பெண் கேள்வி. வழக்கமாக அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, கையால் வளைகோடு வரைய வைப்போம். ஒருநாள் ஜியோஜீப்ராவில் எக்ஸ் வர்க்கத்தின் கெழு ‘ஏ’-க்கு ஒரு நழுவுகோல் வைத்து, முன்வரிசைப் பையனை இழுக்கச் சொன்னேன். ‘ஏ’ பெரிதாகும்போது பரவளையம் ஒடுங்கியது. சிறிதாக்கச் சிறிதாக்க அகன்று விரிந்தது. பூஜ்ஜியத்தைத் தொட்டதும் வளைவு காணாமல் போய் ஒரு நேர்கோடு நின்றது. இன்னும் இழுத்தபோது கவிழ்ந்துகொண்டது.

“மிஸ், பூஜ்ஜியத்துல நிறுத்தினா கோடாயிடுதே. அப்போ அது இருபடி இல்லதானே?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

‘ஏ பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது’ என்ற நிபந்தனையை வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். பிள்ளைகளும் அதை எழுதி, படித்து, தேர்வில் திரும்ப எழுதிவிடுவார்கள். ஏன் கூடாது என்று ஒரு பிள்ளை தானே கண்டு சொன்னதை அந்த லேப்பில்தான் பார்த்தேன். அந்த ஒரு பாடவேளைக்காகவே அத்தனை கணினிகளும் தகும் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றும் அப்படியே தோன்றுகிறது.

2020 மார்ச்சில் எங்கள் பத்தாம் வகுப்பு முழு வேகத்தில் இருந்தது. மார்ச் 27 அன்று பொதுத்தேர்வு தொடங்க வேண்டும். புதிய பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு எழுதப்போகும் முதல் அணி என்பதால், கேள்வித்தாள் எப்படி இருக்குமோ என்று எங்களுக்கும் பயம், பிள்ளைகளுக்கும் பயம். நடுவில் பள்ளிகளுக்கு விடுமுறை வந்தது. மார்ச் 25 முதல் நாடே அடைபட்டது. தேர்வைத் தள்ளித் தள்ளி ஜூன் 1 என்றார்கள், ஜூன் 15 என்றார்கள். ஜூன் 9 அன்று தேர்வே ரத்து, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டு மதிப்பெண் வந்தது. அந்த நேரத்தில் அதுதான் சரியான முடிவு. தேர்வை நடத்தியிருந்தால் மலைப் பிள்ளைகள் எந்தப் பஸ்ஸில் இறங்கி வந்திருப்பார்கள்?

வெளியில் யாரும் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியைப் பொறுத்தவரை பள்ளி மூடப்பட்டதைவிட விடுதி மூடப்பட்டதுதான் பெரிய அடி. விடுதியில் மூன்று வேளைச் சோறு, இரவில் படிக்க விளக்கு, சந்தேகம் கேட்கப் பக்கத்துப் பாயில் ஒரு கூட்டாளி. இத்தனையும் ஒரே நாளில் போயின. டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் மலையேறினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த ஊர்களில் பல, டவர் எடுக்காத ஊர்கள். அதே மலைத்தொடரில் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விஞ்ஞானம் ஏற முடியாத மலை இல்லை இது. செல்போன் கோபுரம் வைக்க வருமானம் போதாத மலை, அவ்வளவுதான்.

ஜூனில் ஆன்லைன் வகுப்பு என்ற பேச்சு வந்தது. தனியார் பள்ளிகள் ஜூமிலும் கூகுள் மீட்டிலும் மணியடித்து வகுப்பு நடத்தின. நாங்கள் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். வருகைப் பதிவேட்டில் இருந்த எண்களுக்கெல்லாம் வரிசையாகப் போன் அடித்தேன். சில எண்கள் உபயோகத்தில் இல்லை. சிலவற்றில் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார். “பெரிய போன் அவங்கப்பா எடுத்துட்டுப் போயிடுவாரு டீச்சரம்மா, ராத்திரி ஒம்போது மணிக்குத்தான் வருவாரு” என்றார் ஓர் அம்மா. அண்ணனுக்குக் காலேஜ் ஆன்லைன் வகுப்பு, தங்கைக்கு எங்கள் பள்ளி வகுப்பு, வீட்டில் ஒரே போன் என்றால் போன் யார் கைக்குப் போகும் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? அண்ணன் படிக்காவிட்டாலும் போன் அவனிடம்தான் இருந்தது. குரூப்பில் சேர்ந்தவர்களில் பையன்களே அதிகம். வகுப்பில் முதல் வரிசையில் உட்காரும் பெண்களில் பலர் அதில் இல்லை.

குரூப்பில் கணக்குப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினேன். செய்து அனுப்பச் சொன்னேன். ஒருவன் முதலில் அனுப்புவான். அதற்குப் பிறகு வந்த போட்டோக்களில் எல்லாம் அவன் போட்ட அதே அடித்தல், அதே இடத்தில் விட்ட அதே கழித்தல் குறி. வகுப்பறையில் என்றால் இரண்டு பெஞ்சு தாண்டி நின்றாலே எந்தப் பிள்ளை எந்த வரியில் திணறுகிறது என்று தெரியும். பேனா நிற்கும், கண் பக்கத்து நோட்டுக்குப் போகும். போட்டோவில் அது தெரிவதில்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் எடுத்தவர்கள் நல்ல ஆசிரியர்கள், உழைத்துத் தயாரித்த பாடங்கள். ஆனால் அந்தப் பாடம் யாருக்காகவும் நிற்காது. பெருக்கல் வாய்ப்பாட்டிலேயே தடுமாறுகிற பிள்ளை மூன்றாவது நிமிடத்தில் கையை விட்டுவிடும். அது கையை விட்டது அந்த ஆசிரியருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் வேறொரு வழி கிடைத்தது. மடிக்கணினி வைத்திருந்த பிள்ளைகளைப் பள்ளிக்கு வரச் சொல்லி, ஹைடெக் லேப்பிலிருந்து காணொளிப் பாடங்களை ஏற்றிக் கொடுத்தோம். நெட் தேவைப்படவில்லை. டவர் இல்லாத ஊரிலும் அது ஓடியது. அந்த இரண்டு வருஷத்தில் மேலிருந்து வந்த யோசனைகளில் எங்கள் மலைக்குப் பொருந்தியது அதுதான்.

மற்ற வகுப்புகளுக்கு என்ன செய்வது? சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்த நாட்களில் பெற்றோர் பள்ளிக்கு வந்தார்கள். அவர்கள் கையில் கணக்குத் தாள்களைக் கொடுத்தனுப்பினோம். அடுத்த முறை வரும்போது பிள்ளைகள் செய்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னோம். மழையில் நனைந்தும் ராகி மாவு ஒட்டியும் வந்த நோட்டுகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினேன். மாதத்துக்கு ஒருமுறை என்றாலும் அந்த நோட்டுகளில் பிள்ளைகளுடைய சொந்தத் தப்புகள் இருந்தன. அவற்றைப் பார்த்தபோது எனக்கு உயிர் வந்தது. இந்தப் பிள்ளை பின்னத்தைக் கூட்டும்போது கீழெண்களையும் சேர்த்துக் கூட்டுகிறது, இதற்கு ஐந்தாம் வகுப்புப் பின்னத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குப் பிடி கிடைத்துவிடும்.

பட்டன் போன் யோசனை ஒரு பெண் சொல்லித்தான் வந்தது. அவளுடைய ஊரில் நெட் சுத்தமாக வராது. ஆனால் மாரியம்மன் கோயில் மேட்டில் ஏறினால் பேசுகிற அளவுக்கு டவர் கிடைக்கும். “மிஸ், நீங்க குரூப்ல பேசுறத எனக்குப் போன்ல சொல்றீங்களா?” என்று கேட்டாள். ஒருத்திக்குச் சொல்வதை ஐந்து பேருக்குச் சொல்லலாமே என்று தோன்றியது. சாதாரணக் கான்ஃபரன்ஸ் காலில் ஒரே நேரத்தில் ஐந்து பேரைச் சேர்க்கலாம். அவர்களுக்குப் பெரிய போன் வேண்டாம், நெட் வேண்டாம், பேசுவதற்குக் காசு கூட வேண்டாம், நான்தானே கூப்பிடுகிறேன். ஊரூராகப் பிரித்து, யார் எந்த நேரத்தில் மேட்டுக்கு வரமுடியும் என்று கேட்டு, ஐந்தைந்து பேராக மாலையில் கூப்பிட ஆரம்பித்தேன். அறிவியல் டீச்சரும் சேர்ந்துகொண்டார்.

போனில் கணக்குச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று யாரும் எங்களுக்குப் பயிற்சி கொடுத்ததில்லை. வாயால் மட்டும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியையும் சொல்லி நிறுத்தி, ஐந்து பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, “எழுதிட்டியா, என்ன எழுதின, படி” என்று கேட்க வேண்டும். இயற்கணிதம் ஒருவகையில் ஓடியது. செய்முறை வடிவியலைத்தான் முடியாது என்று நினைத்திருந்தேன்.

2021-இல் இரண்டாம் அலைக்குப் பிறகு, பள்ளி இன்னும் திறக்காத நாட்கள். அந்த ஆண்டுப் பத்தாம் வகுப்புக்குத் தொடுகோடு வரைதல் எடுத்தேன். 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தொலைவில் பி என்று ஒரு புள்ளி. அங்கிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள் வரைந்து நீளத்தை அளக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிற கணக்குதான். மையத்தையும் பி-யையும் சேர்க்கச் சொன்னேன். அந்தக் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு போடச் சொன்னேன். அது வெட்டும் இடத்தில் காம்பஸ் முள்ளை ஊன்றி, பழைய மையம் வரைக்கும் விரித்து இன்னொரு வட்டம். இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளையும் பி-யோடு சேர்த்தால் தொடுகோடுகள். போனில் காற்று இரைகிறது, ஆடு கத்துகிறது, எங்கோ யாரோ யாரையோ அதட்டுகிறார்கள். “அளந்து சொல்லுங்க” என்றேன்.

“7.4 மிஸ்.” “எனக்கும் 7.4 மிஸ்.” “7.3 வருது மிஸ்.” நான்காவது பெண்ணும் 7.4 சொன்னாள். ஐந்தாவது பையன் கொஞ்சம் தயங்கி, “எனக்கு 5.3 வருது மிஸ்” என்றான்.

அவன் தாளை நான் பார்க்கவில்லை. அவன் இருந்ததோ குடகில் ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீட்டில். குடும்பத்தோடு வேலைக்குப் போயிருந்தான். என்றாலும் 5.3 என்ற எண்ணைக் கேட்டதும் அவன் எங்கே தவறினான் என்று தெரிந்துவிட்டது. விட்டம் 6 என்பதை ஆரம் 6 என்று எடுத்து வட்டத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறான். 64-இல் 36 போனால் 28; அதன் வர்க்கமூலம் 5.3-க்குப் பக்கம். மற்றதெல்லாம் அவன் சரியாகத்தான் செய்திருந்தான்.

“காம்பஸை எவ்ளோ விரிச்ச?”

“ஆறு மிஸ்… ஐயோ, விட்டம் இல்ல அது!”

மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். திரும்பப் போட்டு 7.4 என்று சொன்னபோது அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஹைடெக் லேப்பில் ஜியோஜீப்ராவில் நடந்ததற்கும் பட்டன் போனில் இப்படி நடந்ததற்கும் நான் வித்தியாசம் பார்ப்பதில்லை. இரண்டிலும் பிள்ளையின் யோசனை எனக்குக் கேட்டது. விலை உயர்ந்த கருவியா, மலிவான கருவியா என்பது பெரிய விஷயமே இல்லை. பிள்ளை எங்கே நிற்கிறது என்று அது எனக்குக் காட்டுகிறதா, மறைக்கிறதா என்று மட்டும்தான் அதற்குப் பிறகு எந்தக் கருவியைப் பார்த்தாலும் கேட்கிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டின் பத்தாம் வகுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரி 19 அன்று பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும் பள்ளி திறந்தது. அறைக்கு 25 பேர், முகக்கவசம், சத்து மாத்திரை, குறைக்கப்பட்ட பாடத்திட்டம். பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள், பேச்சுக் குறைந்திருந்தது. அடுத்த மாதமே ஒன்பது, பத்து, பதினொன்று மூன்று வகுப்புக்கும் தேர்வின்றித் தேர்ச்சி என்று சட்டசபையில் அறிவிப்பு வந்தது. அந்த அணியின் சான்றிதழில் மதிப்பெண் இல்லை, தேர்ச்சி என்று மட்டும் இருந்தது. எங்கள் பட்டன் போன் வகுப்பில் மேட்டுக்கு வந்து நின்று படித்த பிள்ளைகளுக்கும் அதே தாள்தான். அதை வாங்கிப்போன ஒரு பெண், “நான் கணக்குல நூறு வாங்கியிருப்பேன் மிஸ்” என்றாள். வாங்கியிருப்பாள்.

2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்தோம். நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரை வந்தார்கள். ஆறாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் கடைசியாக வகுப்பறையைப் பார்த்தது நான்காம் வகுப்பில். இரண்டு இலக்கக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியவில்லை. தங்கள் பேரை எழுதுவதற்கே சிலர் யோசித்தார்கள். இந்த இழப்பை ஈடுகட்டத்தான் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதல்வர் தொடங்கிவைத்தார். எங்கள் பக்கம் தன்னார்வலராகச் சேர்ந்த பெண்களில் பலர் எங்கள் பள்ளியில் படித்தவர்கள். மாதம் ஆயிரம் ரூபாய்க்குச் சாயங்காலம் தெருத்திண்ணையில் இருபது பிள்ளைகளை உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்கள். ஆன்லைன் காலம் விட்டுச்சென்ற பள்ளத்தை நிரப்பியது, கடைசியில் அந்தத் திண்ணைதான். இதை அதிகாரிகள் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வராதவர்களைத் தேடினோம். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அவளுக்குப் பதினாறு கூட ஆகவில்லை. வீட்டுக்குப் போனபோது அவள் அம்மா எங்களை உட்காரச் சொல்லி, காபி போட்டுக் கொடுத்து, “ஸ்கூல் இருந்திருந்தா இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டிருப்பேன் டீச்சரம்மா. வீட்லயே நிக்கவெச்சிக்க முடியல” என்றார். இரண்டு பையன்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஒருவன் பெங்களூரில் கட்டட வேலை. தொடுகோட்டுக்கு 5.3 சொன்னவன் குடகிலிருந்து வரவே இல்லை. போன் அடித்தேன். அவன் அப்பா எடுத்தார். கையில் காசு வாங்கப் பழகிவிட்டான், இனி பள்ளிக்கு எப்படி அனுப்புவது என்றார். அவனிடம் கொடுக்கச் சொன்னேன். “வரேன் மிஸ்” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

ஆன்லைன் வகுப்பு இன்னும் நன்றாக நடந்திருந்தால் இவர்கள் பள்ளியில் நீடித்திருப்பார்களா? நீடித்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பள்ளிக்கூடம் என்பது பாடம் மட்டுமாக இருந்தால் அதைப் போனில் அனுப்பிவிடலாம். மலைப்பிள்ளைக்கு அது மதியச் சோறு. வயசுப் பெண்ணுக்கு அது வீட்டிலிருந்து வெளியே வர ஒரு நியாயமான காரணம். கூலிக்காரக் குடும்பத்துக்கு அது பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் இருக்க ஊரார் ஒத்துக்கொள்ளும் ஒரு சாக்கு. இதையெல்லாம் எந்தச் செயலியில் ஏற்றுவது?

இப்போது எங்கள் பக்கம் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. தொடக்கப்பள்ளியில் ஸ்மார்ட் போர்டு, ஆசிரியர் கையில் டேப்லெட், நடுநிலைப்பள்ளியிலும் ஹைடெக் லேப். 2023-இல் வந்த மணற்கேணி செயலியில் பாடங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் படம் போட்டு விளக்குகிறார்கள். நான் வகுப்பில் அடிக்கடி காட்டுகிறேன். என் குறை வேறிடத்தில். காலையில் வருகைப் பதிவு போனில், பிள்ளைகளின் உயரம், எடை போனில், வினாடி வினா மதிப்பெண் போனில், பயிற்சிக்கான ஒப்புதல் போனில். எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பதால் காலை முதல் பாடவேளையில் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். கரும்பலகைக்கு முதுகு காட்டி, வாசலுக்குப் போய், போனை உயர்த்திப் பிடித்து டவர் தேடிக்கொண்டிருக்கிற ஆசிரியரைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். கருவி ஆசிரியருக்கு வேலை செய்ய வேண்டும். ஆசிரியர் கருவிக்குத் தீனி போடுகிற இடமாகப் பள்ளி ஆகக் கூடாது. பதிவு வேலைக்கு ஒவ்வொரு பள்ளியிலும் தனியாக ஓர் ஆள் இருந்தால், கொடுத்த கருவிகளிடமிருந்து பத்து மடங்கு பலன் எடுத்துக் காட்டுவோம்.

இன்னொன்று. இன்றைய பிள்ளைகள் கணக்கைப் போட்டோ எடுத்தால் போதும், முழு விடையும் படிப்படியாக வந்துவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு தமிழிலேயே விளக்கமும் சொல்கிறது. வீட்டுப்பாட நோட்டு எல்லாம் சுத்தம், ஒரு அடித்தல் இல்லை. எனக்கு அது வாட்ஸ்அப் குரூப்பில் வந்த போட்டோக்களைத்தான் ஞாபகப்படுத்துகிறது. அதனால் வீட்டுப்பாடத்தைக் குறைத்துவிட்டேன். வகுப்பிலேயே என் கண்ணெதிரே போடச் சொல்கிறேன். தப்பாக வந்தால் அழிக்க விடுவதில்லை. பக்கத்தில் சரியானதை எழுதச் சொல்கிறேன். சரியான விடையைப் பத்துப் பேரிடமிருந்து வாங்கிவிடலாம். ஒரு பிள்ளையின் 5.3 அந்தப் பிள்ளையிடம் மட்டும்தான் இருக்கிறது. விடை சொல்லும் இயந்திரத்தை நான் தடுக்கவில்லை. தப்பைத் தானே தேடிப்பார்த்த பிறகு அதனிடம் போகச் சொல்கிறேன். அப்படிப் போகிற பிள்ளைகள் அதனிடம் நல்ல கேள்வி கேட்கிறார்கள்.

கடைசியாக, இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2020-இலும் 2021-இலும் எட்டு, ஒன்பது, பத்தில் படித்துக்கொண்டிருந்து அப்படியே நின்றுபோன பிள்ளைகள் இன்று இருபது வயதை ஒட்டி இருக்கிறார்கள். உங்கள் தெருவில், உங்கள் கடையில், உங்கள் கட்டடத்தில் வேலை செய்கிறவர்களில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அரசுத் தேர்வுகள் துறையின் சேவை மையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் தேதி அங்கே தெரியும். புத்தகம் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாடக் காணொளிகள் கிடைக்கின்றன. அன்றைக்கு அவர்களிடம் இல்லாத பெரிய போன் இன்றைக்கு அவர்களில் அநேகமாக எல்லோர் கையிலும் இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டு, கையைப் பிடித்து, விண்ணப்பம் போடவையுங்கள். கணக்கில் சந்தேகம் என்றால் பக்கத்து அரசுப் பள்ளிக்கு அனுப்புங்கள். எந்தக் கணக்கு டீச்சரும் இல்லை என்று சொல்ல மாட்டார்.